வீடு மாறியதிலிருந்து மீன் தொட்டியில் கிரிப்ட் செடி எல்லாம் கரைகிறது, இப்போது வாலிஸும். எங்கே தப்பு?

பொங்கோல்_தொட்டி | ஞாயிறு இரவு 10:40

எல்லாருக்கும் வணக்கம். ஜூரோங் வெஸ்ட் வாடகை வீட்டில் மூன்று வருடம் ஓடிய இரண்டு அடித் தொட்டி, 60க்கு 30க்கு 36 சென்டிமீட்டர். பதினைந்து நாளைக்கு முன்னால், சனிக்கிழமை, பொங்கோல் புது வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உள்ளே கிரிப்ட் வெண்டி ஒரு புதர் மாதிரி இருந்தது, பின்னால் வாலிஸ்நேரியா, கட்டையில் ஒட்டிய அனுபியாஸ், இடது ஓரம் ரோட்டாலா, முன்னால் கல்லில் கட்டி வளர்க்கும் பூசே நாலு கொத்து. செடிக்குக் கரியமில வாயு விடும் காஸ் கிடையாது, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கிடையாது. மீன் பன்னிரண்டு நியான், சில இறால்.

வெண்டி முழுவதும் போய்விட்டது. விளிம்பு முதலில் பழுப்பாகி, பிறகு வெந்த கீரை மாதிரி ஆகி, தொட்டால் கையோடு வருகிறது. வாலிஸ் இலைகள் கண்ணாடிப் பேப்பர் போலத் தெரிகின்றன, நுனியிலிருந்து கீழே இறங்குகிறது. பூசேயில் இரண்டு கொத்து தானாகக் கழன்று மிதக்கிறது. அனுபியாஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. கடையில் கேட்டேன், உரம் பற்றாது என்று ஒரு பாட்டில் கொடுத்தார்கள். ஊற்றினேன், மாற்றம் இல்லை. எல்லாவற்றையும் பிடுங்கி மண்ணைக் கழுவித் திரும்ப வைக்கலாமா என்று யோசிக்கிறேன். இந்த வெண்டி என் மகள் பிறந்த மாதம் இரண்டே இலையோடு வாங்கியது, அதனால் மனசு கேட்கவில்லை.

பழைய_தொட்டி | ஞாயிறு இரவு 11:15

தம்பி, முதலில் எதையும் பிடுங்காதீர்கள், எதையும் ஊற்றவும் வேண்டாம். நாளை காலை விளக்கு போட்டதும் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

வெண்டி இருந்த இடத்தில் விரலை விட்டு மண்ணுக்குள் இருக்கும் கட்டைத்தண்டைத் தொட்டுப் பாருங்கள், இஞ்சி மாதிரி கெட்டியாக இருக்கிறதா, கொழகொழ என்று அமுங்குகிறதா. பூசே கழன்ற இடத்தை மோந்து பாருங்கள். அப்புறம் இதுதான் முக்கியம், தேதி வாரியாக எழுதுங்கள்: எந்த நாள் என்ன செய்தீர்கள், எந்த நாள் எந்தச் செடியில் முதல் அறிகுறி. மூன்று செடியும் ஒரே நாளில் ஆரம்பித்ததா என்று தெரியாமல் யார் பதில் சொன்னாலும் அது குருட்டு யோசனைதான்.

இரவு_ஷிப்ட் | திங்கள் அதிகாலை 3:20

எனக்கென்னவோ வெப்பம்தான் காரணம் என்று படுகிறது. நம் சிங்கப்பூரில் சில்லர் இல்லாமல் செடித் தொட்டி வைத்தால் இதுதான் கதை. நாம் வாங்கும் செடிகளில் பாதிக்கு 22 முதல் 26 டிகிரிதான் சுகம். 30ஐத் தாண்டினால் செடி மூச்சு விடுவதிலேயே சர்க்கரையைச் செலவழிக்கிறது, ஒளியில் சேர்ப்பது அதற்கு ஈடு கொடுப்பதில்லை. சூடான நீரில் கரியமில வாயுவும் குறைவாகத்தான் கரையும், ஆக்சிஜனும் குறைவு. தண்ணீர் எத்தனை டிகிரி?

பொங்கோல்_தொட்டி | திங்கள் காலை 8:05

அண்ணே, பார்த்துவிட்டேன். வெண்டியின் தண்டு கெட்டியாக இருக்கிறது, வேரும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. பூசே மட்டும் நாற்றம், தண்டு பாதி கறுத்து மெத்தென்று இருக்கிறது. தண்ணீர் நேற்று இரவு பத்து மணிக்கு 29.

தேதி வாரியாக:
சனி, முதல் நாள்: காலை ஒன்பதுக்கு ஃபில்டரை நிறுத்தினேன், திரும்ப ஓடியது மாலை ஆறு. பாதித் தண்ணீர் பழையது, பாதி புதுக் குழாய்த் தண்ணீர், ஆன்டி குளோரின் போட்டேன். செடிகளைப் பிடுங்கி ஈரத்துணியில் சுற்றி எடுத்து வந்து திரும்ப நட்டேன். மண் பழையது என்பதால் மேலே ஒரு பை புது அக்வா சாயில், அதாவது தொட்டிச் செடிக்கென்று விற்கும் மண், பரப்பினேன். பூசே முன்பு கல்லில் கட்டியிருந்தேன், நூல் அறுந்துவிட்டதால் மண்ணிலேயே ஊன்றிவிட்டேன்.
நாலாம் நாள்: வெண்டி விளிம்பு பழுப்பு.
ஆறாம் நாள்: பயந்துபோய், காஸுக்குப் பதிலாக என்று விற்கும் லிக்விட் கார்பன் வாங்கி ஊற்ற ஆரம்பித்தேன். பாட்டிலில் போட்டிருந்ததைப் போல இரண்டு மடங்கு, தினமும்.
எட்டு, ஒன்பதாம் நாள்: வாலிஸ் கண்ணாடி போல.
பத்தாம் நாள்: பூசே மிதந்தது.
பன்னிரண்டாம் நாளிலிருந்து கடையில் கொடுத்த உரம்.

பழைய_தொட்டி | திங்கள் மதியம் 1:10

நன்றி தம்பி, இப்படி எழுதியதால் எல்லாம் தெளிவாகிவிட்டது. உங்கள் தொட்டியில் நடப்பது ஒரு பிரச்சினை இல்லை, மூன்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணம். எல்லாம் ஒரே வாரத்தில் வந்ததால் ஒன்றாகத் தெரிகிறது.

வெண்டியை எடுத்துக்கொள்வோம். லிக்விட் கார்பன் ஊற்றுவதற்கு இரண்டு நாள் முன்பே ஆரம்பித்துவிட்டது, ஆகவே அந்தப் பழி பாட்டிலுக்கு இல்லை. இது கிரிப்டுக்கே உரிய குணம். பிடுங்கி நட்டால், தண்ணீர் மாறினால், விளக்கு மாறினால், சூடு ஏறி இறங்கினால், இருக்கிற இலைகளையெல்லாம் கைவிட்டுவிடும். தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்ததைக் கொண்டு புதிய சூழலுக்கு ஏற்ற இலையைப் பிறகு விடும். தண்டு இஞ்சி மாதிரி கெட்டி, வேர் வெள்ளை என்கிறீர்கள். அப்படியானால் செடி சாகவில்லை. கலைக்காமல் விட்டால் மூன்றிலிருந்து ஆறு வாரத்தில் குருத்து வரும். இப்போது பிடுங்கி மண்ணைக் கழுவி நட்டால் திரும்ப முதல் நாளுக்குப் போய்விடுவீர்கள், சேமிப்பும் தீர்ந்துவிடும். நான் 2009இல் அப்படித்தான் ஒரு முழுத் தொட்டி வெண்டியை இழந்தேன். கரைகிறதே கரைகிறதே என்று வாரம் ஒருமுறை இடம் மாற்றி இடம் மாற்றி நட்டேன். நானே கொன்றேன் என்று புரிய நாலு மாதம் ஆனது.

வாலிஸ் வேறு கதை. எட்டு நாள் வரை நன்றாக இருந்திருக்கிறது, லிக்விட் கார்பன் ஆரம்பித்த இரண்டு மூன்று நாளில் கண்ணாடி ஆகியிருக்கிறது. அந்தப் பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் குளுட்டரால்டிஹைடு சார்ந்த பொருள், மருத்துவமனைக் கருவிகளைக் கிருமி நீக்கப் பயன்படுத்தும் அதே குடும்பம். பாசியைக் கொல்லும், பல செடிகள் தாங்கும், ஆனால் வாலிஸ், எகேரியா, சில மாஸ் வகைச் செடிகள், ரிக்ஸியா இவையெல்லாம் அதற்கு மென்மையானவை. குறைந்த அளவில் பழகிக்கொள்ளும் வாலிஸும் உண்டு, தினமும் இரட்டை அளவு என்பது அதற்கு மிக அதிகம். இன்றே நிறுத்துங்கள். இலையில் உயிர் இருக்கும் இடத்துக்கு மேலே வெட்டுங்கள், அடிக்குருத்து வெள்ளையாகக் கெட்டியாக இருந்தால் பிழைக்கும்.

பூசேக்கு நோயே இல்லை, புதைத்ததுதான். அனுபியாஸ், பூசே, ஜாவா ஃபெர்ன் மூன்றுக்கும் அந்தத் தடித்த தண்டு வெளியே தண்ணீர் படும்படி இருக்க வேண்டும், வேர் மட்டும் உள்ளே போனால் போதும். போர்னியோவில் பூசே ஓடையோரப் பாறையில் ஒட்டி வளர்கிற செடி, மண்ணுக்குள் தண்டு அழுகும். கறுத்த பகுதியை முழுவதும் வெட்டுங்கள், வெட்டிய முகம் பச்சையாகவோ வெள்ளையாகவோ கெட்டியாகத் தெரியும் வரை வெட்டிக்கொண்டே போங்கள், கருணை பார்க்காதீர்கள். மிஞ்சுவதை ஜெல் வகை சூப்பர் குளூ வைத்துக் கல்லில் ஒட்டிவிடலாம், அது காய்ந்த பிறகு மீனுக்குக் கெடுதல் இல்லை.

இன்னொன்று. ஃபில்டர் ஒன்பது மணி நேரம் நின்றிருக்கிறது, மண்ணைக் கலக்கியிருக்கிறீர்கள், மேலே புது சாயில் வேறு. புது சாயில் முதல் சில வாரம் அமோனியா விடும். டெஸ்ட் கிட் இருந்தால் அமோனியா பாருங்கள். நியான்களுக்காகத்தான் சொல்கிறேன், செடிக்கு அடுத்தபடி.

அனுபியாஸ் அசையாமல் நிற்பதைக் கவனித்தீர்களா? அதை நீங்கள் பிடுங்கவில்லை, கட்டையோடு வந்தது, புதைக்கவும் இல்லை. உரம் பற்றாமல்தான் இதெல்லாம் என்றால் மாற்றம் இப்படி நாலு நாளில் வராது, வாரக்கணக்கில் மெதுவாக வரும். நைட்ரஜன், பொட்டாசியம் குறைந்தால் பழைய இலையில் மஞ்சளோ ஊசி ஓட்டையோ வரும். இரும்பு குறைந்தால் புது இலை வெளிறிப் பிறக்கும். நல்ல பச்சை இலை ஒரே வாரத்தில் குழைந்தால், அது பசி இல்லை, அதிர்ச்சி.

ஈசூன்_செடிக்காரி | திங்கள் மாலை 6:30

அண்ணன் சொன்னதில் எல்லாம் எனக்குச் சம்மதம், ஒன்றைத் தவிர. கரைந்த இலையை என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. சிலர் தானாக உதிரட்டும் என்று விடுவார்கள். நான் விடமாட்டேன். முழுவதும் குழைந்தவற்றைச் சிறு குழாயால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள், அது அழுகினால் தண்ணீரில் அமோனியாவாகத்தான் சேரும், இந்தத் தொட்டியில் ஏற்கெனவே அந்தச் சந்தேகம் இருக்கிறது. ஆனால் காம்பு இன்னும் கெட்டியாக நிற்கும் அரைகுறை இலைகளை இழுக்காதீர்கள், கத்தரியால் நறுக்குங்கள். இழுத்தால் தண்டும் கூட அசையும்.

தண்ணீர் பற்றியும் ஒரு வார்த்தை. நம் குழாய்த் தண்ணீரில் பொதுப் பயனீட்டுக் கழகம் சேர்ப்பது வெறும் குளோரின் இல்லை, குளோரமைன். ஊரில் அம்மா செய்ததைப் போல வாளியில் ஒரு நாள் பிடித்து வைத்தால் போகாது, அதனால் ஒவ்வொரு முறையும் ஆன்டி குளோரின் வேண்டும், அதுவும் குளோரமைனைக் கையாளும் வகை. குளோரமைன் உடைந்தால் அமோனியா மிஞ்சும், நல்ல மருந்து அதையும் பிணைத்துவிடும். நீங்கள் பாதித் தண்ணீர் புதிதாக விட்டிருக்கிறீர்கள், அளவு சரியாகப் போட்டீர்களா? இன்னொரு விஷயம், நமக்கு வரும் தண்ணீர் ஜொகூர், உள்ளூர் நீர்த்தேக்கம், நியூவாட்டர், கடல்நீர் சுத்திகரிப்பு என்று நாலு வழியில் வருகிறது. ஜூரோங் வெஸ்ட் தண்ணீரும் பொங்கோல் தண்ணீரும் அச்சு அசல் ஒன்றாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கிரிப்டுக்கு அந்தச் சின்ன வித்தியாசமே போதும்.

உமா_புதுசு | திங்கள் இரவு 9:00

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், நானும் புதிதாக ஆரம்பித்திருக்கிறேன். டிஷ்யூ கல்ச்சர் கப்பில் வாங்கிய மோண்டே கார்லோ செடியில் பாதி மஞ்சளாகிக் கரைகிறது, நட்டு எட்டு நாள். ஜாவா ஃபெர்னில் இலைக்கு அடியில் கறுப்புப் புள்ளிகள் வரிசையாக வந்திருக்கின்றன. இரண்டும் இதே நோயா?

ஈசூன்_செடிக்காரி | திங்கள் இரவு 9:40

உமா, ஃபெர்ன் புள்ளிக்குப் பயப்பட வேண்டாம், அது வித்துப் பைகள். கொஞ்ச நாளில் இலை மேலேயே குட்டிச் செடி வந்தாலும் அதிசயப்படாதீர்கள்.

மோண்டே கார்லோ பற்றி. கப்புக்குள் அது காற்றில், நூறு சதவீத ஈரத்தில், சர்க்கரை கலந்த ஜெல்லில் வளர்ந்தது. பண்ணையிலிருந்து சிறு சட்டியில் வருபவையும் பெரும்பாலும் தண்ணீருக்கு வெளியேதான் வளர்க்கப்படுகின்றன, சீக்கிரம் பெருகும், பாசியும் நத்தையும் ஒட்டாது. காற்றில் பிறந்த இலை வேறு, தண்ணீரில் பிறக்கும் இலை வேறு. முதல் வகை தடிப்பாக மெழுகு பூசியது போல இருக்கும், தண்ணீருக்குள் அதற்கு வேலை இல்லை. அதனால் பழைய இலை கரையும்போது நுனியில் புது இலை வருகிறதா என்று மட்டும் பாருங்கள், வந்தால் கவலை இல்லை. ஜெல்லை நன்றாகக் கழுவினீர்கள்தானே? ஒட்டியிருந்தால் அங்கே பூஞ்சை பிடிக்கும். நான் முதல் முறை லிம் சூ காங் பக்கம் ஒரு பண்ணையில் வாங்கிய பெரிய இலை லுட்விஜியா பத்தே நாளில் மொட்டையானதைப் பார்த்துக் குப்பையில் போட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வருத்தம்தான், அது வெறும் இலை மாற்றம்.

இரவு_ஷிப்ட் | செவ்வாய் அதிகாலை 4:10

எல்லாரும் நன்றாகச் சொல்லிவிட்டீர்கள், ஆனால் வெப்பத்தை இவ்வளவு லேசாகத் தள்ளிவிட்டது எனக்குச் சரியாகப் படவில்லை. பொங்கோல் தம்பி போட்ட இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தொட்டிக்குப் பின்னால் சுவரில் வலது மூலையில் ஒரு ஆரஞ்சுப் பட்டை. அது விளக்கு இல்லை, வெயில். அந்தச் சன்னல் மேற்குப் பக்கமா? இரவு பத்து மணிக்கு அளந்த 29ஐ வைத்து முடிவு செய்யாதீர்கள். சாயங்காலம் நாலு மணிக்கும் ஐந்தரைக்கும் அளந்து போடுங்கள்.

பழைய_தொட்டி | செவ்வாய் காலை 7:30

வெண்டியின் சொந்த ஊர் இலங்கை, அது வெப்பமண்டலச் செடிதான். புக்கிட் தீமா காட்டு ஓடையிலேயே ஒரு கிரிப்ட் இருக்கிறது, தீமாயென்சிஸ், உலகத்தில் வேறெங்கும் இல்லாத இயற்கைக் கலப்பினம், மிக அரிது, காட்டில் பார்த்தாலும் தொடக்கூடாது. என் தொட்டியில் 29, 30இல் வெண்டி ஆறு வருடமாக இருக்கிறது. அதனால்தான் வெப்பத்தைப் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் அந்த ஓடைக்கு மேலே காடு நிழல் தருகிறது, மேற்கு வெயில் நேரடியாக விழுவதில்லை. நீங்கள் படத்தில் பார்த்ததை நான் பார்க்கவில்லை. அளக்கட்டும்.

பொங்கோல்_தொட்டி | செவ்வாய் இரவு 8:20

இன்று அரை நாள் விடுப்பு போட்டு அளந்தேன். மதியம் இரண்டுக்கு 29.5. நாலரைக்கு 31. ஐந்தே முக்காலுக்கு 32.4. ஆமாம், மேற்கு சன்னல், திரை இன்னும் வாங்கவில்லை. தினமும் வேலை முடிந்து எட்டு மணிக்குத்தான் வருவேன், அதனால் தெரியவே இல்லை.

அமோனியா 1 பிபிஎம் இருந்தது. அக்கா கேட்டது சரிதான், அன்று ஆன்டி குளோரினைத் தொட்டி அளவுக்குப் போடாமல் வாளி அளவுக்குக் கணக்குப் போட்டு, கடைசி இரண்டு வாளிக்கு மறந்துவிட்டேன் என்று நினைக்கிறேன். இன்று நாற்பது சதவீதம் மாற்றினேன், இந்த முறை அளந்து போட்டேன். பூசேயை வெட்டினேன், நாலில் ஒன்றரைதான் மிஞ்சியது.

பழைய_தொட்டி | செவ்வாய் இரவு 9:05

இரவு_ஷிப்ட் சொன்னது சரி, நான் அவசரப்பட்டேன். மூன்று டிகிரி தினமும் ஏறி இறங்கினால் பிடுங்கி நட்ட கிரிப்டுக்கு அதுவே போதும், வாலிஸையும் அது பலவீனமாக்கியிருக்கும். அதன் மேல் லிக்விட் கார்பன் விழுந்திருக்கிறது. முதலில் சன்னலை மறையுங்கள், இன்றைக்கு அட்டையை ஒட்டினாலும் சரி. சில்லர் அப்புறம் யோசிக்கலாம், அது விலையும் அதிகம், வெளியே விடும் சூடும் உங்கள் ஹாலிலேயே சுற்றும்.

சின்ன விசிறி ஒன்று தண்ணீர் மேல் சாய்வாக வீசும்படி வையுங்கள், நீர் ஆவியாகும்போது இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆனால் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்புகள் உள்ளேயே நிற்கும். குறைந்ததைக் குழாய்த் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே போனால் மாதக்கணக்கில் தண்ணீரில் உப்பு ஏறிக்கொண்டே போகும். வாரம் ஒருமுறை முப்பது சதவீதம் மாற்றிவிட்டால் அந்தக் கவலை இல்லை. விளக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், இலையே இல்லாத தொட்டிக்கு அதிக ஒளி கொடுத்தால் பாசிக்குத்தான் விருந்து. உரம் கால் பங்கு போதும்.

இரவு_ஷிப்ட் | புதன் அதிகாலை 2:50

தம்பி, விசிறிக்கு டைமர் வைத்து மதியம் ஒன்றிலிருந்து இரவு ஒன்பது வரை ஓட விடுங்கள். இருபத்துநாலு மணி நேரமும் வைத்தால் இரவில் அதிகம் இறங்கும், அந்த ஏற்ற இறக்கமே திரும்ப வரும்.

பொங்கோல்_தொட்டி | மூன்று வாரம் கழித்து, சனி காலை 9:10

நீங்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள், இப்போதுதான் எழுத ஏதோ இருக்கிறது. திரை போட்டேன், விசிறி ஓடுகிறது, சாயங்காலம் அதிகபட்சம் 29. அமோனியா பூஜ்யம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. ஒரு நியான் போய்விட்டது, மற்றவை நன்றாக இருக்கின்றன.

வெண்டி இருந்த இடம் வெறும் மண்ணாகத்தான் இருந்தது, தினமும் எட்டு மணிக்கு வந்து உட்கார்ந்து பார்ப்பேன். பிடுங்கிப் பார்க்கலாமா என்று மூன்று முறை கை உள்ளே போனது, அண்ணன் எழுதியதை நினைத்துத் திரும்ப எடுத்தேன். நேற்று முன்தினம் மகள்தான் முதலில் பார்த்தாள். விரல் நகம் அளவு, சுருண்ட பழுப்பு நிறக் குருத்து. இன்று எண்ணினால் ஏழு. இலை முன்பைவிடச் சின்னதாக, நிறமும் கொஞ்சம் சிவப்பாக வருகிறது, இது சரிதானா? வாலிஸில் பதினொன்றில் மூன்றுதான் பிழைத்தது, அதில் ஒன்று பக்கவாட்டில் ஓடுதண்டு விட்டிருக்கிறது. பூசே ஒன்றரைக் கொத்தும் கல்லில் ஒட்டியபடி இருக்கின்றன, புது இலை இல்லை, கெடவும் இல்லை.

பழைய_தொட்டி | சனி காலை 10:00

ஏழு குருத்து! படித்ததும் வீட்டில் எல்லாருக்கும் சொன்னேன். நிறம் மாறுவது சரிதான், இந்த வெளிச்சத்துக்கும் இந்தத் தண்ணீருக்கும் ஏற்றபடி விடுகிறது, பழைய நிறம் அப்படியே திரும்ப வந்தாக வேண்டும் என்பதில்லை. நாலைந்து இலை நன்றாக விரிந்த பிறகு வேருக்குப் பக்கத்தில் ஒரு உர மாத்திரை புதைக்கலாம், அதற்கு முன்னால் வேண்டாம். பூசே மெதுவான செடி, மாதத்துக்கு ஒரு இலை விட்டாலே பெரிது.

ஈசூன்_செடிக்காரி | சனி காலை 11:25

தம்பி, என்னிடம் வாலிஸ் மண்டிக் கிடக்கிறது, வாரம் ஒரு பிடி வெட்டித்தான் போடுகிறேன். நாளை மாலை பொங்கோல் எம்ஆர்டி பக்கம் அக்கா வீட்டுக்கு வருகிறேன், ஈரத் தாளில் சுற்றி ஒரு பத்துச் செடி எடுத்து வரவா? லிக்விட் கார்பன் பாட்டிலை மட்டும் தூர வைத்துவிடுங்கள்.

பொங்கோல்_தொட்டி | சனி காலை 11:40

கட்டாயம் அக்கா, ஆறு மணிக்கு ஸ்டேஷன் கேட் வெளியே நிற்கிறேன், மகளும் வருவாள். பாட்டிலை அன்றே கட்டி வைத்துவிட்டேன்.